ட்ரெய்லர் ஸ்பிரிங் பட்டை மாற்றப் போகிறீர்களா? நான் பட்டதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்

ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் டயரில் காற்று பார்ப்பார்கள், பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள், பின்னால் லைட் எரிகிறதா என்று பார்ப்பார்கள். கீழே குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் (சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எடையைத் தாங்கும், வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. என் இரண்டு ஆக்சில் ட்ரெய்லரில் மெயின் பட்டை, அதாவது அந்த அடுக்கிலேயே நீளமானது, ஓடும்போதே முறிந்தது. அதைச் சரிசெய்கிறோம் என்று ஒரு பட்டறையில் செய்த வேலை, முறிந்ததைவிடப் பெரிய செலவை இழுத்து வைத்தது. கடைசியில் நானே ஜாக்கியும் ஸ்பானருமாகத் தரையில் படுத்து நாலு பக்கமும் மாற்றிய பிறகுதான் வண்டி ஒரு வழிக்கு வந்தது. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் முறிந்த கதை. ராத்திரி நேரம், முழு லோடு, சாலையில் பெரிய பள்ளம்கூட இல்லை. ஒரு அடி விழுந்த சத்தம், உடனே ட்ரெய்லர் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் புகை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோது இடது முன் ஆக்சிலின் மெயின் பட்டை, சேஸிஸில் பற்றவைத்த தாங்கியான ஹேங்கரில் மாட்டியிருக்கும் கண் வளையத்தை (பட்டை முனையைச் சுருட்டிச் செய்த வளையம்) ஒட்டி இரண்டாகப் போயிருந்தது. முன்னால் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் ஆக்சில் அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்து, முன் டயர் பின் டயரோடு உரசி இரண்டிலும் பக்கச் சுவர் கிழிந்துவிட்டது. கை நடுங்கியது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் டயர் வெடித்து என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். லோடை இன்னொரு வண்டிக்கு மாற்ற, ட்ரெய்லரைத் தூக்கிக்கொண்டு போக என்று அந்த ஒரு ராத்திரியில் போன பணத்துக்கு நாலு புதுப் பட்டையும் வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும்.

மறுநாள் வெளிச்சத்தில் முறிந்த முகத்தைப் பார்த்தேன். பாதி கறுப்பும் துருவுமாக இருந்தது, மீதி பாதி பளபளவென்று புது இரும்பு. அதாவது விரிசல் எப்போதோ விழுந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. மிச்சமிருந்த பாதிதான் அன்று ராத்திரி போனது. ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் இப்படித்தான் போகும். துரு அரித்த சின்னக் குழியில் விரிசல் தொடங்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு நூல் அளவு உள்ளே போகும். முறிவு இரண்டு இடங்களில் அதிகம் வரும். ஒன்று கண் வளையத்தை ஒட்டி. இன்னொன்று நடுவில், பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட் போகும் துளையில். நடுவில் முறிந்திருந்தால், பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருந்ததா என்று முதலில் பாருங்கள். யு போல்ட் இறுக்கமாகப் பிடித்திருக்கும்வரை அந்தத் துளை இருக்கும் இடம் வளையாது. தளர்ந்தால் வளைவு முழுக்கத் துளையில் வந்து விழும்.

இது முன்கூட்டியே தெரியுமா என்றால், ஓரளவு தெரியும். சமதளத்தில் லோடு இல்லாமல் நிறுத்தி, நாலு டயருக்கும் மேலே மட்கார்டு வரை உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பட்டை தொய்கிறது. பட்டைகளுக்கு நடுவே செந்நிறத் தூள் கசிந்த கோடு, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது, ட்ரெய்லர் நேராக வராமல் கொஞ்சம் கோணலாகப் பின்தொடர்வது, இதெல்லாம் கீழே படுத்துப் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள். பார்க்கும்போது கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்துவிட்டு, கண் வளையத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். துருவுக்கு மேலே விரிசல் கண்ணுக்குப் படாது.

சரி, பட்டறை. தூக்கிக்கொண்டு போன இடத்தில் பார்த்தவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "அதே பட்டை இப்போ இல்ல சார், இதைவிடக் கனமானது ஒண்ணு இருக்கு, போட்டுடலாம், இனிமே உடையவே உடையாது" என்றார். கனம் கூடினால் பலம் கூடும், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முறிந்த இடத்தில் மட்டும் அந்த ஒன்றைப் போட்டார்கள், பழைய யு போல்ட்டையே திரும்ப மாட்டினார்கள், பில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தவணை முறையில் வந்தது. முதலில் காலி வண்டி தடதடவென்று குதித்தது. பிறகு லோடில் இருந்த பொருள் உடைந்து வந்தது, அதற்கு நான் ஈடு கொடுத்தேன். பிறகு புதிதாக வாங்கிப் போட்ட இரண்டு டயரின் ஓரம் தேய்ந்து சீக்கிரமே நூல் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் ஹேங்கர் வெல்டிங்கை ஒட்டி சேஸிஸில் மயிரிழை விரிசல். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என்ன நடந்தது என்று பின்னால் உட்கார்ந்து அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. போட்ட பட்டை பழையதைவிடத் தடிமன் அதிகம், கண்ணுக்குக் கண் நீளம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறைவு. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். இரண்டு பக்கமும் கண் வளையம் உள்ள பட்டையில் முன் கண் ஹேங்கரில் நிலையாக இருக்கிறது, ஆக்சில் நடுவில் உட்காருகிறது. ஆகவே நீளம் 2 சென்டிமீட்டர் குறைந்தால் அந்தப் பக்கம் ஆக்சில் 1 சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். இடது வலது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் ஆக்சில் ஒரு திசையிலும் பின் ஆக்சில் வேறு திசையிலும் போகப் பார்க்கும். கிலோமீட்டருக்கு ஆறேழு மீட்டர் வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுக்க டயர் ரப்பரைச் சுரண்டித்தான் தீர வேண்டும். பொதுவாக முன்னால், இழுக்கும் வண்டியோடு கோக்கும் கப்ளிங்கின் மையத்திலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் உள்ள தூரத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதைவிடப் பல மடங்கு.

கடினமும் சேர்ந்துகொண்டது. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே எண்ணிக்கையில் 8 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடாது, இரண்டே கால் மடங்குக்கும் மேலே போய்விடும். நீளம் குறைந்தாலும் இதே மும்மடிக் கணக்குதான், எதிர்த் திசையில். 65 சென்டிமீட்டர் பட்டை 63 ஆனால் விறைப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறும். வளைய வேண்டிய பட்டை வளையாவிட்டால் அந்த அடி எங்கே போகும்? ஹேங்கருக்கும் சேஸிஸுக்கும் சரக்குக்கும்தான் போகும். அதோடு இரண்டு ஆக்சில் வண்டியில் முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் நடுவே ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கிறது, தராசுத் தண்டு மாதிரி இரண்டு பக்கமும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும். ஒரு பக்கம் விறைப்பான பட்டை, இன்னொரு பக்கம் தொய்ந்த பட்டை என்றால் அது நேராக நிற்காது, எப்போதும் சாய்ந்தே நிற்கும். பள்ளத்தில் அது ஆட வேண்டிய தூரத்தில் பாதியை இந்தச் சாய்வே தின்றுவிடும். ஒரே ஒரு பட்டையை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரு ஆக்சிலுக்கு இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு ஆக்சில் வண்டியில், மற்றவையும் அதே வயது என்றால், நாலையும் மாற்றிவிடுவதே மலிவு.

அடுத்து நான் செய்தது, லோடோடு எடை மேடைக்குப் போனது. ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி எடை போட்டேன். ஸ்பிரிங் தாங்குவது ஆக்சில் மேல் இருக்கும் எடையை, சக்கரம், டிரம், ஆக்சில் குழாய் இவற்றின் எடை ஸ்பிரிங்கில் ஏறாது, ஆகவே அதைக் கழிக்கலாம். மீதியை எத்தனை ஸ்பிரிங்கோ அத்தனையால் வகுத்தால் ஒன்றுக்கு எவ்வளவு என்று வரும். சரக்கு எப்போதும் சமமாகப் பரவாது என்பதால் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம்தான். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எழுதியிருக்கும் எடை ஒரு ஸ்பிரிங்குக்கா, ஜோடிக்கா? கடைக்காரரே இரண்டையும் குழப்பிப் பேசியதை என் காதால் கேட்டேன். இன்னொரு விஷயம், கனமான பட்டை போட்டால் ட்ரெய்லர் அதிக எடை தூக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டயர், பேரிங், ஆக்சில், பிரேக், கப்ளிங் இவற்றில் எது குறைந்த எடைக்கு உருவாக்கப்பட்டதோ அதுதான் வண்டியின் எல்லை. பட்டையைக் கனமாக்கினால் அந்த எல்லை ஒரு கிலோகூட ஏறாது.

அளவெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு, இதில்தான் நிறையப் பேர் தவறான பட்டையை வாங்கி வருகிறார்கள். கண் மையத்திலிருந்து கண் மையத்துக்கு நேர்கோட்டில் அளக்கச் சொல்வார்கள். ஆனால் தொய்ந்துபோன பழைய பட்டை வளைவை இழந்து நீண்டு கிடக்கும், அதை அப்படியே அளந்தால் புதியதைவிட அதிகமாகக் காட்டும். அதனால் பாரம் எடுத்த பிறகு நேர்கோட்டு அளவு, மெயின் பட்டையின் வளைவை ஒட்டி டேப் வைத்து எடுத்த அளவு, இரண்டையும் எழுதிக்கொண்டேன். முறிந்த பட்டையை அளக்கவே முடியாது, பழைய ஜோடியில் நல்லதாக இருக்கும் ஒன்றை அளங்கள். அப்புறம் பட்டையின் அகலம், எத்தனை பட்டை, ஒவ்வொன்றின் தடிமன் (துருவைச் சுரண்டிவிட்டு), கண்ணின் உள்விட்டம், அதில் போகும் போல்ட்டின் விட்டம், சென்டர் போல்ட் சரியாக நடுவில் இருக்கிறதா அல்லது ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா, அதன் தலை எவ்வளவு பெரிது. ஒரு முனையில் கண்ணும் மறுமுனையில் வெறும் வளைவும் உள்ள சறுக்கு வகைப் பட்டையும் உண்டு, ஷேக்கிள் (கண்ணைப் பிடித்தபடி ஆடும் இணைப்புத் தகடு) இல்லாமல் ஹேங்கருக்குள் முன்பின் சறுக்கும். அதையும் இதையும் மாற்றிப் போட முடியாது. யு போல்ட்டுக்கு ஆக்சில் குழாயின் விட்டம், குழாய் உருண்டையா சதுரமா, பட்டைகளின் மொத்த உயரம் இவை வேண்டும். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் படம் வரைந்து எழுதிக்கொண்டு போனேன், கடையில் நின்று யோசிக்கும் வேலை இல்லாமல் போனது.

பழைய பட்டையையே சூடாக்கி வளைத்துத் தருகிறேன், முறிந்ததை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். வேண்டாம். ஸ்பிரிங் எஃகு குறிப்பிட்ட சூட்டில் கடினப்படுத்தி, மறுபடி இளக்கிப் பதம் ஏற்றியது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், பக்கத்திலேயே மறுபடி முறியும். முழுதாகப் பதம் ஏற்றாமல் சும்மா வளைத்துக் கொடுத்தாலும் சீக்கிரம் பழையபடி தொய்ந்துவிடும்.

இனி மாற்றிய கதை. முதல் நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். மறுநாள் கெட்டியான சமதளத்தில், ட்ரெய்லரை இழுக்கும் வண்டியோடு கோத்தபடியே, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸிஸுக்குக் கீழே தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே போகாதீர்கள். தனியாக வேலை செய்பவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி வைக்கவும் கூடாது. நிறைய ட்ரெய்லர் ஆக்சில்கள் நடுவில் மேல்நோக்கி லேசாக வளைத்தே செய்யப்பட்டிருக்கும். அங்கே தூக்கினால் அந்த வளைவு கெட்டு, டயர் தேய்மானம் வேறு வழியில் வந்து சேரும். ஸ்பிரிங் உட்காரும் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

யு போல்ட் நட்டுகள் அசையவே இல்லை, கிரைண்டரில் வெட்டினேன். வெட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை இறுக்கியதில் மரை நீண்டிருக்கும், மறுமுறை அதே பிடி கிடைக்காது. பிரேக் வயர் பக்கம் தீப்பொறி போகாமல் ஈரத் துணி போட்டு மூடினேன். தனியாளாக நான் எதிர்பார்க்காத ஒன்று, யு போல்ட் கழன்றதும் ஆக்சில் சும்மா இருக்காது, பிரேக் பாகத்தின் எடையில் உருளப் பார்க்கும், பிரேக் வயரையோ குழாயையோ இழுத்துவிடும். அதனால் அடியில் இரண்டாவது ஜாக்கி கொடுத்து, பட்டையான கயிற்றால் சேஸிஸோடு கட்டிவிட்டுத்தான் மேலே வேலை. ஒவ்வொரு பக்கமாகச் செய்வதும் இதற்காகத்தான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சிலைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவர இன்னொரு ஆள் தேவைப்படும். பழைய பட்டைக் கட்டின் சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். கீழே உள்ள குட்டைப் பட்டைகள் மெயின் பட்டையைவிட அதிக வளைவோடு செய்து அழுத்திக் கட்டியவை, போல்ட் விடுபட்டால் தெறிக்கும்.

கண் போல்ட்டுகளில் தலைக்குக் கீழே பல் வெட்டியிருந்தால் அந்தப் பல் ஹேங்கர் துளையில் கடித்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தலையைத் திருப்பாமல் நட்டை மட்டும் திருப்புங்கள், போல்ட்டைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுங்கள். தலையைத் திருகினால் துளை வழுக்கையாகிவிடும், பிறகு புது போல்ட்டும் அதில் நிற்காது. எல்லாம் கழன்ற பிறகு ஹேங்கர் துளைகளையும் ஷேக்கிள் தகடுகளையும் பார்த்தேன், தகடுகளில் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. ஈக்வலைசர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறை) இருந்த இடத்தில் நைலான் துணுக்குதான் மிச்சம். புதுப் பட்டை வாங்கிவிட்டு இந்தச் சின்னச் சாமான்களில் மிச்சம் பிடிப்பது வீண். கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட்டும் வெண்கல புஷ்ஷும் போட்டேன். விலை அதிகம்தான், ஆனால் நைலான் தேய்ந்த வேகத்தைக் கண்ணால் பார்த்த பிறகு யோசிக்கவில்லை. சேஸிஸ் விரிசலை, புதுப் பட்டை ஏறுவதற்கு முன்பே, தெரிந்த வெல்டரிடம் காட்டித் தகடு வைத்துச் சரிசெய்தேன்.

மாட்டுவது எளிது, முன் கண்ணை ஹேங்கரில், பிறகு பின் கண்ணை ஷேக்கிளில், அப்புறம் ஆக்சிலை மெல்ல நகர்த்தி சென்டர் போல்ட் தலை இருக்கையின் துளைக்குள் முழுசாக இறங்க வேண்டும். இறங்கிவிட்டதா என்று விரலாலும் டார்ச்சாலும் பாருங்கள். ஓரத்தில் ஏறி நிற்கும்போதே யு போல்ட்டை இறுக்கிவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும், ஆக்சில் மட்டும் கோணலாக இருக்கும். யு போல்ட்டின் நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச். என் யு போல்ட் அரை அங்குலம், அதற்குச் சொல்லப்பட்டிருந்தது 45 முதல் 70 அடி-பவுண்டு. உங்கள் ஆக்சிலுக்கு அதைச் செய்தவர்கள் கொடுத்த எண்ணைப் பாருங்கள். ஷேக்கிள் நட்டுகள் வேறு கதை, ஷேக்கிள் தாராளமாக ஆட வேண்டும், யு போல்ட் மாதிரி முறுக்கிவிட்டால் புஷ் இறுகிப் பட்டை முனையில் வளைய ஆரம்பிக்கும். ரப்பர் புஷ் உள்ள வண்டியாக இருந்தால் வண்டி தன் எடையில் இறங்கி நின்ற பிறகே கடைசி இறுக்கம், தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

தரையில் இறக்கிய பிறகு கப்ளிங்கிலிருந்து இரு பக்கமும் அளந்தேன், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே இரு பக்கமும் அளந்தேன், வேறுபாடு அனுமதித்த அளவுக்குள் இருந்தது. லோடு ஏற்றி ஷேக்கிளைப் பார்த்தேன். அது லேசாகச் சாய்ந்து, இரு பக்கமும் ஆட இடம் வைத்து நிற்க வேண்டும். முழுக்கப் படுத்திருந்தாலோ மறுபக்கம் மடங்கியிருந்தாலோ வாங்கிய பட்டையின் நீளம் தப்பு, ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஒரு பட்டையும் பழகாத கையுமாக ஆரம்பித்த வேலை, முதல் பக்கம் ஒரு பகல் முழுக்க இழுத்தது, கடைசிப் பக்கம் டீ ஆறுவதற்குள் முடிந்தது என்று சொல்ல ஆசைதான், அப்படியெல்லாம் இல்லை, ஆனால் பாதிக்கும் குறைவான நேரத்தில் முடிந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. லோடோடு முதல் 100 கிலோமீட்டருக்குள் யு போல்ட்டை மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பெயின்ட் நசுங்கி, இருக்கை படிந்து, பிடி குறையும். நான் பார்த்தபோது எல்லா நட்டுமே கொஞ்சம் திரும்பியது, ஒன்று கால் சுற்றுக்கும் மேல். இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டிலும் தொடங்கி தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். கிளம்பும் முன் குனிந்து பார்த்தால் கோடு நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும், விலகியிருந்தால் ரென்ச் வண்டியிலேயே இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருப்பதால் வீல் நட்டுக்கும் அதே நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடுங்கள்.